கல்லுக்கு அந்தப் பக்கத்து ஆள்காட்டி

விஜயதாஸுக்கு இந்த உலகத்தில் மதிக்கத் தகுந்தவர்கள் மூன்று பேர்தான் இருந்தார்கள். அதில் இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள். மூன்றாமவர் அவரேதான்.

கூட்டுறவு வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நெய்யாற்றின்கரையில் மாடி வீடு. மாடி அறை முழுக்கப் பறவைப் புத்தகங்கள், பைனாகுலர்கள், தூக்கிக்கொண்டு நடக்கத் தனியாக ஒரு ஆள் வேண்டும் என்கிற அளவுக்கு ஒரு லென்ஸ். பறவை பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு சார் என்று தெரியாத்தனமாக யாராவது சொல்லிவிட்டால், பொழுதுபோக்குக்குச் சீட்டு விளையாடலாமே என்பார். இருபத்திரண்டு வருடமாக, குளிர்காலம் பிறந்து வடக்கேயிருந்து பறவைகள் இறங்கினால் மனிதர் வீட்டில் தங்கமாட்டார். கேரள எல்லைக்குள் மட்டும் அவர் தன் கண்ணால் பார்த்து எழுதி வைத்திருந்தது முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது வகைப் பறவை. இன்னும் ஒன்று கிடைத்தால் நானூறு. அவர் இருந்த பறவை பார்ப்போர் குழுவில் நானூறைத் தொட்டவர் எவரும் கிடையாது. அதை முதலில் தொடும் ஆள் தானாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வாழ்க்கையில் பெரிய ஆசை எதுவும் மிச்சமில்லை.

இடைஞ்சலாக இருந்தவன் எலியா. பொழியூர்ப் பக்கத்துக் கடற்கரைக்காரன், ஐஸ் கம்பெனியில் எலக்ட்ரீஷியன். பழைய பைனாகுலரில் ஒரு கண் மங்கல். அதன் அறுந்த வாருக்குப் பதில் செருப்பு வார் கட்டியிருப்பான். பஸ்ஸிலும் சித்தப்பாவின் வள்ளத்திலும் போய்ப் போய் அவனும் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதில் வந்து நின்றான். விஜயதாஸுக்கு இது மரியாதைக் குறைவாகப் பட்டது. ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் கார் ஓட்டித் தேடிய பறவைகளை இவன் மீன் வலைக்கு நடுவில் உட்கார்ந்து பார்த்துவிடுவதா? உண்மையில் எலியா இரண்டு வருடத்துக்கு முன்பே நானூறைத் தொட்டிருக்க வேண்டியவன். வள்ளத்திலிருந்து அவன் படம் பிடித்து வந்த ஒரு கடற்பறவையை, நீரோடிக் கோயிலைத் தாண்டினால் தமிழ்நாட்டுக் கடல் என்று சொல்லி விஜயதாஸ் வெட்டிவிட்டார். கடலில் கோடு எங்கே சார் கிடக்குது என்று அவன் கேட்டான். சட்டம் தெரியாதவனிடம் என்ன பேசுவது என்று அவர் வாட்ஸ்அப்பிலிருந்து எழுந்து குளிக்கப் போய்விட்டார். குழுவின் பட்டியலைக் கையில் வைத்திருப்பவர் அவர். அவர் வெட்டினால் வெட்டினதுதான்.

அந்தக் குழுவில் புதன்கிழமை சாயங்காலம் ஒரு படம் வந்தது. போட்டவன் ஷைஜு, காரோடு ஊரில் பால் வண்டி ஓட்டுபவன். எல்லையோர ஏலாவில், அதாவது வாய்க்காலை ஒட்டிய வயல்வெளியில், தூரத்தில் ஒரு பறவை. கலங்கிய படம். இது என்ன பறவை சார் என்று கேட்டிருந்தான்.

விஜயதாஸ் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை. "சாதாரண ஆள்காட்டி. பாலைக் கவனமாக் கொண்டு போ," என்று பதில் போட்டார். நாலு பேர் சிரிக்கும் பொம்மை போட்டார்கள். அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

வியாழக்கிழமை காலையில் காப்பி குடிக்கும்போது கை சும்மா இருக்காமல் அந்தப் படத்தை விரல்களால் விரித்தார். தலையின் பின்னால் ஒரு மயிர்க்கம்பி மேலே வளைந்து நின்றது. காப்பி தம்ளரை எங்கே வைத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. கொண்டை ஆள்காட்டி. குளிருக்கு வட இந்தியாவோடு நின்றுவிடும் பறவை. வழி தவறினால்தான் இவ்வளவு தெற்கே வரும். அவர் பட்டியலில் இல்லை. எலியா பட்டியலிலும் இல்லை.

காரை எடுத்துக்கொண்டு அவர் ஏலாவை அடைந்தபோது மணி ஏழரை. வரப்பில் எலியா குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஷைஜு.

"வாங்க சாறே. ஆறேகாலுக்கே கண்டுட்டேன்," என்று எலியா மெதுவாகச் சொன்னான். "அந்தா நிக்குது பாருங்க. மண்புழு இழுக்கு."

தரிசு வயலின் நடுவில் நின்றது அது. முதுகில் பச்சை மினுங்கியது. தலையில் அந்தக் கொண்டை காற்றுக்கு லேசாக ஆடியது. அழகான பறவைதான். ஆனால் விஜயதாஸ் பார்த்தது பறவையை அல்ல. ஆறேகால், ஏழரை என்ற இரண்டு எண்கள்தான் அவர் கண் முன்னால் நின்றன. ஒன்றேகால் மணி நேரத்தில் இருபத்திரண்டு வருடம் போய்விட்டது.

அப்போதுதான் அந்தக் கல் கண்ணில் பட்டது. வாய்க்கால் கரையில், முழங்கால் உயரத்துக்கு, கொஞ்சம் சரிவாக நட்டிருந்த எல்லைக்கல். அவர் நின்ற பக்கம் பார்த்த முகத்தில் டி என்ற ஆங்கில எழுத்து தேய்ந்துபோய்த் தெரிந்தது. பறவை நின்றது கல்லுக்குக் கிழக்கே.

"எலியா," என்றார். குரலில் தேன் ஒழுகியது. "நீ பாத்தது தமிழ்நாட்டுப் பறவை. கல்லைப் பாத்தியா?"

எலியா கல்லைப் பார்த்தான். "டி எழுத்து நம்மப் பக்கமில்லியா பாத்து நிக்கு சாறே? தமிழ்நாட்டுக்க எழுத்து தமிழ்நாட்டுப் பக்கமில்லியா பாக்கணும்?"

"ரோட்டுல போர்டு எதுக்கு வைக்கான்? முன்னால வரப்போற ஊரைச் சொல்லத்தானே. இதுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடுன்னு கல்லு சொல்லுது. நீ கல்லுக்குப் பாடம் எடுக்கியா?"

ஷைஜு போனில் வரைபடத்தைத் திறந்தான். அவன் போனில் எல்லைக்கோடு வாய்க்கால் வழியாகப் போயிற்று. எலியாவின் போனில் அது பனைமரங்களுக்கு அந்தப் பக்கம் ஓடியது. விஜயதாஸின் விலை கூடிய போனில் கோடு நேராகப் பக்கத்து வீட்டு அடுக்களைக்குள் நுழைந்து பின்வாசல் வழியாக வெளியேறியது. போனை நம்புகிறவன் முட்டாள், அரசாங்கம் நட்ட கல்லே சாட்சி என்று அவர் தீர்ப்புச் சொன்னார். தான் ஆறு மணிக்கு வந்திருந்தால் அந்தக் கல்லைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டோம் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

அந்த அடுக்களைக்குச் சொந்தக்காரி குமாரி அப்போது துணி வாளியோடு வாய்க்காலுக்கு வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவன் வேலாயுதன் கொத்தனார். ஏலாவில் கல்லுக்கு மேற்கே இருக்கும் வயல் அவர்களுடையது. மூன்று பேரும் கல்லைச் சுற்றி நின்று தர்க்கம் பண்ணுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சாறே, அந்தக் கல்லு வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"தொடக் கூடாது. அது அரசாங்கத்துக்க கல்லு," என்றார் விஜயதாஸ். அவள் பக்கம் தலையைத் திருப்பாமலே சொன்னார்.

குமாரி அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். கழுத்தில் லென்ஸ், இடுப்பில் எட்டுப் பை, தலையில் இலை நிறத் தொப்பி. பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனாள். எலியாவும் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டான். ஆறேகாலுக்குச் சின்ன நோட்டில் எழுதியிருந்த நானூறு என்ற எண்ணை ஒரு கோடு போட்டு அடித்தான். எட்டு மணிக்கு அவனுக்கு டியூட்டி.

இனி அந்தப் பறவை கல்லைத் தாண்டி நாற்பது அடி மேற்கே வர வேண்டும். அதுவும் விஜயதாஸின் கண்ணெதிரில் வர வேண்டும். வெள்ளிக்கிழமை முழுக்க அவர் இதற்காகப் பட்ட பாட்டை அவருடைய பழைய வங்கி ஊழியர்கள் பார்த்திருந்தால் ஆயுள் முழுக்கச் சிரித்திருப்பார்கள். முதலில் ஷைஜுவைக் கிழக்கே போய்க் கைதட்டச் சொன்னார். பறவை எழுந்து இன்னும் கிழக்கே போய் உட்கார்ந்தது. ஷைஜுவை முட்டாள் என்றார். பிறகு தானே வயிற்றால் ஊர்ந்து சுற்றி வளைக்கப் பார்த்தார். பறவை அவரைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டது.

மத்தியானம் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. குமாரியின் வயலில் தண்ணீர் கட்டினால் மண்புழு மேலே வரும், புழு வந்தால் பறவை வரும். வயலில் வெள்ளரி போட மூன்று பாத்தி வெட்டி விதை ஊன்றியிருந்தது. அதை வெட்டிய குமாரியிடம் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. பாறசாலையில் சுவர் கட்டிக்கொண்டிருந்த வேலாயுதனைத் தேடிப் போய், உன் வயல் படம் பேப்பரில் வரும் என்றார். வேலாயுதன் மனைவியை நினைத்துக் கொஞ்சம் தயங்கினான். பேப்பரை நினைத்துச் சம்மதித்தான்.

சாயங்காலம் குமாரி வந்து பார்த்தபோது மூன்று பாத்தியும் குளமாகிக் கிடந்தது. மண்வெட்டியோடு மடையில் நின்ற விஜயதாஸ், "நாளைக்கு ஒரு நாள் மட்டும். பெரிய காரியம் நடக்கப் போகுது, உனக்குச் சொன்னா மனசிலாகாது," என்றார்.

"வெதையெல்லாம் அழுகிப்போவும் சாறே."

"வெள்ளரி சந்தையிலயும் கிடைக்கும்."

"ஒரு பட்சி கல்லுக்கு இங்க வந்தா என்ன, அங்க நிண்ணா என்ன?"

"அதான் சொன்னேனே, மனசிலாகாதுன்னு."

"இல்ல சாறே, நான் சொல்ல வந்தது அந்தக் கல்லு..."

"நீ கல்லை விடு. வெள்ளம் வத்திராமப் பாத்துக்கோ."

குமாரி திரும்பி வீட்டைப் பார்க்க நடந்தாள். எட்டுப் பை கட்டிய இந்த மனிதரிடம் ஒரு வார்த்தை பேசுவதைவிட வாய்க்கால் தவளையிடம் பேசலாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை ஆறு ஐம்பதுக்குக் கொண்டை ஆள்காட்டி எழும்பி, ஏலாவை ஒரு சுற்றுச் சுற்றி, குமாரியின் வெள்ளரிப் பாத்தியில் இறங்கியது. விஜயதாஸ் இருநூற்றுப் பதினான்கு படம் எடுத்தார். எல்லாப் படத்திலும் கல் தெரியும்படி எடுத்தார். அறுபத்திரண்டு வயதில் ஒருவர் வரப்பில் உட்கார்ந்து தனியாக அழுதார். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்திருக்கும், அடுத்த நிமிடமே போனை எடுத்துக் குழுவில் அவர் என்ன எழுதினார் என்பதைப் பார்க்காதவர்களுக்கு. "நானூறு. முறைப்படி. எல்லைக்கு உட்பட்டு. சிலருக்கு இது பாடமாக இருக்கட்டும்."

வாழ்த்துகள் வந்து குவிந்தன. குழுவின் செயலாளர் பிரசீதா, பள்ளிக்கூட ஆசிரியை, நாளைக்கே அந்த இடத்தில் வைத்து ஒரு சின்னப் பாராட்டு நடத்தலாம் என்றாள். பொன்னாடையை எலியா வாங்கி வரட்டும், அவனே போர்த்தட்டும், இளைய தலைமுறைக்கு நல்லது என்று விஜயதாஸ் பெரிய மனதோடு எழுதினார். எலியா, சரி சாறே என்று மட்டும் பதில் போட்டான்.

அவர் காரை நோக்கி நடக்கும்போது குமாரி கல்லருகே நின்று துணிக்குச் சோப்பு போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அந்த ஈரத் துணியை ஓங்கி எல்லைக்கல்லின் மேல் அடித்தாள்.

"ஏய். அரசாங்கக் கல்லுல துணி அலக்குதியா?"

"அலக்குக்கல்லுல பின்ன சோறா வைப்பாவ?" என்றாள் குமாரி, கையை நிறுத்தாமல். "ரெண்டு நாளா சொல்ல வாறேன், நீங்க கேக்க மாட்டேங்கிறியோ. எனக்க கல்யாணம் கழிஞ்ச வருசம் வெள்ளம் பொங்கினப்பம் இந்தக் கல்லு பெயந்து விழுந்து கெடந்துது. அலக்கக் கொள்ளாம், நல்ல கல்லுன்னு எனக்க கெட்டியோனும் அவருக்க அண்ணனுமா உருட்டிட்டு வந்து இங்க நட்டாவ. வழுவழுன்னு இருந்த பக்கத்த எனக்காக இப்படித் திருப்பி வச்சாவ."

விஜயதாஸ் திரும்பிக் கல்லருகே வந்தார். "எங்க இருந்து?"

குமாரி சோப்புக் கையால் கிழக்கே காட்டினாள். தரிசு வயலையும் தாண்டி, அடுத்த வயலையும் தாண்டி, இரட்டைப் பனை நின்றது. "அந்தப் பனைக்க மூட்டுல, அடியில இருந்து. ரெண்டு பக்கத்துக்காருக்கும் பனையத் தெரியும். கல்லு ஆருக்கு வேணும்?"

அவர் மனதுக்குள் வரப்புகளை அளந்தார். பறவை மூன்று நாளில் ஒருமுறைகூடப் பனையைத் தாண்டவில்லை. அப்படியானால் வியாழக்கிழமையே அது கேரளத்துப் பறவைதான். அவருக்கு நானூறு வியாழக்கிழமை ஏழரைக்கே கிடைத்துவிட்டது. எலியாவுக்கு ஆறேகாலுக்கு. உண்மையைச் சொன்னால் அவருடைய நானூறு எங்கேயும் போகாது. முதல் என்ற ஒரு சொல் மட்டும் போகும். சுற்றிப் பார்த்தார். வரப்பில் யாரும் இல்லை.

"குமாரி," என்றார். அவள் பெயரை அவர் இவ்வளவு மரியாதையாகச் சொன்னது அதுவே முதல் தடவை. "இதை நீ யாருட்டயும் சொல்லண்டாம். கேட்டியா?"

குமாரி துணியைப் பிழிந்தபடியே அவரைப் பார்த்தாள். வயலில் விதை அழுகியதற்குக்கூட அவள் முகம் அப்படிச் சுளிக்கவில்லை. "நான் எதுக்கு ஆருட்டயும் போய்ச் சொல்லப் போறேன். ஆராவது கேட்டா சொல்லுவேன்."

அது போதும் என்று அவர் நினைத்தார். அலக்குகிற பெண்ணிடம் போய்க் கல்லைப் பற்றி எவன் கேட்பான்? அவர் கேட்டாரா?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏலாவில் பதினேழு பேர் கூடினார்கள். பிரசீதா துணிப் பேனர் கொண்டு வந்திருந்தாள். வேலாயுதன் பேப்பர்க்காரர் வருவார் என்று இஸ்திரி போட்ட சட்டையில் நின்றான். பேப்பர்க்காரர் வரவில்லை. கொண்டை ஆள்காட்டி பழையபடி கிழக்கே தரிசு வயலுக்குப் போய்விட்டது. அதை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. விஜயதாஸ் சின்னதாக ஒரு சொற்பொழிவு செய்தார். நேர்மையில்லாத பட்டியல் வெறும் காகிதம் என்றார். அந்த நேரத்தில் அவர் அதை நம்பவும் செய்தார்.

எல்லைக்கல்லோடு ஒரு படம் எடுக்கலாம் என்றாள் பிரசீதா. அவருக்கு அது வேண்டாம் என்று இருந்தது. ஆனால் வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வாயில் வரவில்லை. கல்லருகே குமாரி இரண்டு வாளி துணியோடு நின்றாள். கொஞ்சம் மாறுங்கக்கா என்று யாரோ சொல்ல, அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தள்ளி நின்றாள். விஜயதாஸ் கல்லின் மேல் கையை ஊன்றினார். கை வழுக்கியது.

பொன்னாடையைப் பிரித்துக்கொண்டிருந்த எலியா, அவர் உள்ளங்கையில் நுரையைப் பார்த்தான். கல்லைப் பார்த்தான். டி எழுத்தைப் பார்த்தான். அவனுடைய வீட்டு முற்றத்திலும் அலக்குக்கல் உண்டு.

"அக்கா, இது உங்க அலக்குக்கல்லா?"

"பின்ன."

"இங்கயே கெடந்ததா?"

"அந்தா அந்தப் பனைக்க மூட்டுல நிண்ணது. உருட்டிட்டு வந்தாவ. இவருட்டயே கேளும்," என்று கணவனைக் காட்டினாள். வேலாயுதன், நல்ல கல்லாக்கும் என்று பெருமையாகத் தலையாட்டினான்.

பதினேழு தலைகளும் பனைக்குத் திரும்பின. பிறகு தரிசு வயலில் நின்ற பறவைக்கு. பிறகு ஒவ்வொன்றாக விஜயதாஸுக்கு.

"அதுக்கு என்ன தெரியும்," என்றார் விஜயதாஸ். சிரிக்கப் பார்த்தார். "வயல்ல நிக்குற பொம்பள. வாய்க்கு வந்ததைச் சொல்லும். இதைப் போய்க் கேட்டுக்கிட்டு. பிரசீதா, படத்தை எடும்மா."

குமாரி குரலை உயர்த்தவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணா நேத்து எதுக்கு சாறே யாருட்டயும் சொல்லண்டாம்னு எங்கிட்டக் கெஞ்சினியோ?"

ஷைஜு செருப்பால் வரப்பு மண்ணைக் கிளறினான். பிரசீதா கேமராவைத் தாழ்த்திக்கொண்டு, பேனரில் தான் எழுதிய நேர்மை என்ற வார்த்தையைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். விஜயதாஸ் உள்ளங்கை நுரையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

எலியா பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, தான் அடித்த எண்ணுக்குக் கீழே நானூறு என்று திரும்ப எழுதினான். தேதி, வியாழன். நேரம், ஆறேகால். நோட்டை உள்ளே வைத்துவிட்டு, மடிப்பு கலையாமல் பொன்னாடையை விரித்து விஜயதாஸின் தோளில் போர்த்தினான். ஓரங்களைச் சரி பண்ணியும் விட்டான்.

"நானூறு நானூறுதான சாறே," என்றான். "ஒண்ணேகால் மணிக்கூறு பிந்திப்போச்சு. அம்புட்டுதான்."

விஜயதாஸ் பொன்னாடையோடு நின்றார். கழற்றவும் முடியவில்லை, போட்டுக்கொண்டு நிற்கவும் முடியவில்லை. ஒருவர்கூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குமாரி மட்டும் பார்த்தாள். வாளியிலிருந்து ஒரு விரிப்பை உருவி நீரில் முக்கினாள்.

"படம் எடுத்தாச்சுண்ணா மாறி நில்லும் சாறே," என்றாள். "இன்னும் ரெண்டு விரிப்பு கெடக்கு."